பழைய டிஜிகேம் வாங்கப் போறீங்களா? முதல்ல கார்டைப் பாருங்க

"எத்தனை மெகாபிக்சல்?" பழைய டிஜிட்டல் கேமரா வாங்கப் போற எல்லாரும் இதைத்தான் முதல்ல கேட்கிறாங்க. அதை விடுங்க. எந்த மெமரி கார்டை ஏத்துக்கும்னு கேளுங்க.

2006-க்கு முன்னாடி வந்த கேமராக்களில் பெரும்பாலும் 2 ஜிபி வரைக்குமான சாதாரண எஸ்டி கார்டுதான் வேலை செய்யும். இப்போ கடையில் கிடைக்கிற 32 ஜிபி கார்டு எஸ்டிஹெச்சி வகை. அதைப் போட்டால் 'கார்டு எரர்'தான். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிம் என்றால் பல மாடல்களுக்கு எக்ஸ்டி கார்டு வேணும். அதை இப்போ யாரும் தயாரிக்கிறதே இல்லை.

போட்டோவுக்கு 2 ஜிபி தாராளம். வீடியோவில்தான் சிக்கல். நம்ம போன், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் என்ன மாறியிருக்கோ, பெரும்பாலும் அதை மட்டும்தான் சேமிக்கும். அந்தக் காலத்துச் சிப்புக்கு அவ்வளவு பலம் கிடையாது. அதனால பல டிஜிகேம்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி ஜேபெக் படமா அடுக்கும், விநாடிக்கு 30 வரைக்கும். இதுக்குப் பேர் மோஷன் ஜேபெக். 640×480 அளவிலேயே 1 ஜிபி ஏறக்குறைய 10 நிமிஷத்தில் காலி. பல மாடல்கள்ல ரெக்கார்டிங் நடுவுல ஜூமும் ஆகாது. மோட்டார் சத்தம் மைக்கில் விழுமே!

ஒருவேளை வீட்டு பீரோவிலேயே ஒண்ணு கிடந்தால், அவசரப்பட்டு கார்டை ஃபார்மேட் பண்ணாதீங்க. ஏதோ ஒரு கல்யாண வீட்டுல தாத்தா பேசின 30 விநாடி அதுல இருக்கலாம். ஃபிளாஷ் மெமரியில் தகவலைப் பிடிச்சு வெச்சிருக்கிற மின்னூட்டம், வருஷக்கணக்கில் மெல்லக் கசியும். கார்டு ரீடர்ல போட்டு இன்னைக்கே காப்பி எடுங்க. ஏவிஐ ஃபைல் போன்ல ஓடலைன்னா, விஎல்சி-யில் போட்டுப் பாருங்க.