கிரெட்டா விலையில் பிஎம்டபிள்யூ கிடைக்குதா? முதலில் சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்க!

புது கிரெட்டாவுக்குக் கொடுக்கும் பணத்தில், பத்து வருடம் ஓடிய பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்துவிடும். "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டுன வண்டி" என்று விற்பவர் சொல்லும்போது யாருக்குத்தான் ஆசை வராது?

தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பிஎம்டபிள்யூ ஆலை 2007-ல் இருந்து மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் இயங்குகிறது. ஃபோர்டு எண்டேவர் மறைமலை நகரிலேயே தயாரான வண்டி. பக்கத்து ஊரில் செய்த கார் என்பதால் பராமரிப்பும் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது.

காரின் விலைதான் குறைகிறது, பில் குறைவதில்லை. 60 லட்ச ரூபாய் காரை 15 லட்சத்துக்கு வாங்கினாலும், அதன் ஹெட்லைட், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் 60 லட்ச ரூபாய் காருக்கான விலையில்தான் கிடைக்கும். எல்இடி ஹெட்லைட் உடைந்தால் பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்ற வேண்டும். பிஎம்டபிள்யூவில் புது பேட்டரி போட்டால்கூட, அதை ஸ்கேனர் மூலம் காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். தெருமுனை மெக்கானிக்கிடம் முடிகிற வேலை இல்லை இது. வாங்கும் விலையில் 15 சதவீதத்தையாவது முதல் வருடச் செலவுக்குத் தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால், புது கிரெட்டாவே மேல்.

நம்ம ஏரியாவில் இதைவிடப் பெரிய ஆபத்து, வெள்ளத்தில் நின்ற கார். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் மக்கள் மறக்க மாட்டார்கள். பழுது பார்க்கும் செலவு, காப்பீட்டு மதிப்பான ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இன்சூரன்ஸ் நிறுவனம் அதை 'டோட்டல் லாஸ்' என்று முடித்துவிடும். பிறகு அந்த கார் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு விற்பதில் சட்டப்படி தவறில்லை. வெள்ளத்தில் நின்றது என்பதை மறைத்து விற்பதுதான் பிரச்சினை.

சொகுசு காரில் இது ஏன் மோசம்? பல ஜெர்மன் கார்களில் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கும். சீட்டுக்கு அடியிலும் கார்பெட்டுக்கு அடியிலும் ஒயரிங்கும் எலக்ட்ரானிக் பாகங்களும் ஓடும். முட்டியளவு தண்ணீரே அதற்குப் போதும். கனெக்டர்களில் துரு மெல்லத்தான் ஏறும் என்பதால் டெஸ்ட் டிரைவில் வண்டி ஜம்முன்னு போகும், தொல்லை ஆறு மாதம் கழித்து ஆரம்பிக்கும்.

எனவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கறை இருந்தால் அங்கே தெரியும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, டிக்கி தரைக்கு அடியில் வண்டல், ஏசி போட்டதும் ஒரு ஈர வாடை, அதை மறைக்க அளவுக்கு மீறிய பெர்ஃப்யூம் ஆகியவையும் தடயங்கள்தான். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். உரிமையாளர் மாறாமலே நோ கிளைம் போனஸ் திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், ஏதோ ஒரு கிளைம் நடந்திருக்கலாம். அது எதற்கு என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் ஸ்கேனுடன் பரிசோதனை செய்து, சர்வீஸ் வரலாற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், நம்ம மெக்கானிக் பாத்துட்டாரு" என்று விற்பவர் நழுவினால், நீங்களும் அப்படியே நழுவிவிடலாம்.

எண்டேவருக்குக் கதை வேறு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோதே, சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றும் சொன்னது. ஆனாலும் நீங்கள் வாங்கும் மாடலுக்கு முக்கிய பாகங்கள் எத்தனை நாளில் வரும் என்பதை சர்வீஸ் சென்டரிலேயே கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

டெல்லி பதிவெண் கார் ஏன் இவ்வளவு மலிவு? 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே தடை விதித்ததும் ஒரு காரணம். அப்படி வரும் காருக்கு அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று கட்டாயம். 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்து தமிழ்நாட்டுக்கு வரியும் கட்ட வேண்டும். அந்த வரிக்கு காரின் அசல் விலையும் வயதும் கணக்கில் வரும் என்பதால், 'சீப்பா முடிஞ்சது' என்ற சந்தோஷம் அங்கே கொஞ்சம் கரையும்.

லோன் பாக்கி இருக்கிறதா என்பதை எம்-பரிவாகன் செயலியில் பதிவெண் போட்டுப் பார்க்கலாம். வாங்கியதும் ஆர்சி பெயர் மாறட்டும் என்று காத்திருக்காமல், 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு கிளைம் சிக்கலாகலாம். நோ கிளைம் போனஸ் விற்றவருக்குச் சொந்தம், காரோடு வராது. அந்த வித்தியாசத் தொகையையும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.