பல்கலைக் கழகக் கணக்கும் நமது ஐந்தொகையும்

தாமல் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிப்போரும், காஞ்சிப் பட்டு நெய்வோருமாகிய நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் இன்று வணிகவியல் பட்டப் படிப்பில் சேர்ந்து வருகின்றனர். அவர்கள் வாயிலாகச் 'சர்வதேச நிதி அறிக்கைத் தரங்கள்' என்ற பெயர் நம் வீடுகளிலும் ஒலிக்கின்றது. இப்படிப்பினால் தறிக்கும் ஏருக்கும் யாது பயன் என்று பெற்றோர் வினவுவது இயல்பே.

முன்னர் ஒவ்வொரு நாடும் தன் வழக்கப்படியே கணக்கெழுதி வந்தது. ஒரு நாட்டு விதிப்படி லாபமாகத் தோன்றியது மற்றொரு நாட்டு விதிப்படி நட்டமாகத் தோன்றுவதும் உண்டு. இக்குறையை நீக்கப் பல நாட்டுக் கணக்காளர் அமைப்புக்கள் கூடி 1973-ல் லண்டனில் ஒரு குழுவை நிறுவின. 2001-ல் அதன் பணியைச் சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் ஏற்றது. நம் நாட்டில், 1949-ல் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1977-ல் தர வாரியம் ஒன்றை ஏற்படுத்தியது. சர்வதேசத் தரங்களைத் தழுவி, நம் நாட்டிற்கேற்பச் சில மாற்றங்களுடன் அமைந்த இந்தியக் கணக்கியல் தரங்களை மத்திய அரசு 2015-ல் அறிவித்தது. 1-4-2016 முதல், ரூ. 500 கோடியும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள கம்பெனிகள் அவற்றைக் கட்டாயமாகப் பின்பற்றலாயின.

நமது சங்கம் கம்பெனி அன்று. கூட்டுறவுச் சட்டப்படி தணிக்கைக்கு உட்பட்டது. எனினும் அத்தரங்களின் அடிப்படை நியாயம் நமக்கும் உரியதே. மூன்று உதாரணங்கள் காண்போம்.

முதலாவது, விற்காத சரக்கு. பட்டு, சரிகை, கூலி எல்லாம் சேர்ந்து ஒரு சேலையின் அடக்கம் ரூ. 12,000 என்று கொள்வோம். அதன் வண்ணமும் கரையும் பழமைப்பட்டு, இனி ரூ. 10,000-க்கே விலைபோகும், விற்பனைச் செலவு ரூ. 500. அடக்க விலை, செலவு போக நிற்கும் விற்பனை விலை, இவ்விரண்டில் எது குறைவோ அதையே எழுதவேண்டும் என்பது தரம். ஆகவே எழுதவேண்டியது ரூ. 9,500. இத்தகைய சேலைகள் நாற்பது இருப்பின் குறைவு ஒரு லட்சம் ரூபாய். அவற்றை அடக்க விலையிலேயே வைத்து ரூ. 80,000 லாபம் காட்டிய சங்கம், உண்மையில் ரூ. 20,000 நட்டம் அடைந்திருக்கின்றது. அந்தக் காகித லாபத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால், நாம் உண்பது லாபத்தையன்று, மூலதனத்தையே.

இரண்டாவது, நிற்கும் பயிர். சந்தை விலையிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்து, வளரும் பயிருக்கும் மதிப்பிடச் சொல்கின்றது வேளாண்மைத் தரம். கதிர் முற்ற முற்ற உயரும் மதிப்பு, அறுவடைக்கு முன்னரே ஆதாயமாகக் கணக்கில் ஏறும். அம்மதிப்பு இன்னும் கைக்கு வராத பணம் என்பதை மறவாதிருத்தல் உழவர் கடமை.

மூன்றாவது, பங்குத் தொகை. அங்கத்தினர் கேட்டவுடன் திருப்பித் தந்தே தீரவேண்டிய பங்கு, சங்கத்தின் கடனாகும். மறுக்கும் உரிமை சங்கத்திற்கு நிபந்தனையின்றி இருந்தாலே அது சொந்த முதலாகும். கூட்டுறவு அமைப்புக்களுக்கெனவே 2004-ல் வெளியான சர்வதேச விளக்கம் இவ்வாறு கூறுகின்றது.

இக்கல்வியில் தர எண்களை மனப்பாடம் செய்வது சிறு பகுதியே. இரட்டைப் பதிவு முறையை நன்கு பயின்றபின், 'இம்மதிப்பு ஏன்? இதற்கு ஆதாரம் யாது?' என்று வினவிக் காரணங்காட்டப் பழகுவதே அதன் சாரம். பட்டயக் கணக்காளர் இறுதித் தேர்விலும் இத்தரங்கள் முக்கிய பாடமாகும்.

இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் காஞ்சிபுரத்திலேதான் பதிவாயிற்று. அத்தகைய மண்ணில் வாழும் நாம் கணக்கை எழுத்தர் ஒருவரிடமே விட்டுவிடுதல் தகாது. அடுத்த பொதுப் பேரவையில் ஐந்தொகை வாசிக்கப்படும்போது ஒவ்வோர் அங்கத்தினரும் கேட்கவேண்டியவை மூன்று: பழைய சரக்கு எவ்வளவு? அது எவ்விலையில் எழுதப்பட்டுள்ளது? காட்டிய லாபத்தில் ரொக்கமாக வந்தது எவ்வளவு? கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கேட்போமாக. அவர்கள் கற்ற கல்வி அன்றே சங்கத்திற்குப் பயன்படும்.