கேட்டு வாங்கும் கை
குடும்பமும் பணமும் – 9

கல்யாணக் கடனைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கடனின் முதல் தவணையைக் கட்டும் மாதத்திலேயே பல வீடுகளில் ஒரு வழக்கு தொடங்கிவிடுகிறது. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் ஊதாரி, அவர் கண்ணுக்கு இவர் கஞ்சன். சமாதானம் பேச வரும் பெரியவர்களும் இந்த இரண்டு சொற்களை வைத்தே விசாரித்து, "ஆளுக்கொரு குணம், அனுசரிச்சுப் போங்க" என்று முடித்துவிடுவார்கள். குணத்துக்கு இதில் பங்கு உண்டு. ஸ்காட் ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, செலவழிக்கவே மனம் வராதவர்களும் கை நிறுத்தாமல் செலவழிப்பவர்களும் ஒருவரை ஒருவர் தேடி மணக்கிறார்கள் என்றும், ஈர்த்த அந்த வேறுபாடே பிறகு சச்சரவுக்குக் காரணமாகிறது என்றும் காட்டியது. ஆனால் அது தாமே துணையைத் தேர்ந்துகொள்பவர்களின் கதை. நம் ஊரில் பெரும்பாலான கல்யாணங்களில் ஜாதகம் பார்க்கிறார்கள், சம்பளம் விசாரிக்கிறார்கள், எத்தனை பவுன் என்று கேட்கிறார்கள். செலவு செய்யும் சுபாவத்தை யாரும் கேட்பதில்லை. சண்டை மட்டும் இங்கும் குறையவில்லை. ஆகவே சுபாவத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்க வேண்டும். வீட்டில் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் யார், அவரிடம் கேட்டு வாங்க வேண்டியவர் யார் என்பதே அந்தக் காரணம் என்று நினைக்கிறேன்.

சிறுவாட்டை எடுத்துக்கொள்வோம். அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்க்கும் காசை நாம் அவர்களுடைய சாமர்த்தியம் என்று பாராட்டியே பழகிவிட்டோம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, இந்தச் சேமிப்பெல்லாம் சில வாரங்களுக்குள் வெளியே வர வேண்டியதாயிற்று. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை வங்கியில் போட்டால் வருமான வரித்துறை விசாரிக்காது என்று அரசு சொன்னது. வீட்டுக்குள் வரும் விசாரணைக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. நோட்டை மாற்றித் தரச் சொல்லிக் கணவனிடம் நீட்டிய பெண், முதலில் அது எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டியிருந்தது. குடும்பத்துக்கென்று சேர்த்த காசையே குடும்பத்திடமிருந்து மறைக்க வேண்டியிருந்ததை நாம் எப்படி இத்தனை காலம் இயல்பாக எடுத்துக்கொண்டோம்?

மறைப்பது பெண்களின் இயல்பு என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அதற்குப் பதில் பிலிப்பைன்ஸில் கிடைக்கிறது. அங்கே பல குடும்பங்களில் கணவர் கூலியைக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுப்பதே வழக்கம். சேமிப்பை நிர்வகிப்பவர் மனைவி. பொருளியலாளர் நாவா அஷ்ரஃப் அந்நாட்டுத் தம்பதிகளிடம் ஒரு பரிசோதனை நடத்தி, முடிவை 2009இல் வெளியிட்டார். ஒரு தொகையைக் கொடுத்து, அதை என்ன செய்யலாம் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார். துணைக்குத் தெரியாது என்ற நிலையில், மனைவியின் பிடியில் பணம் இருந்த வீட்டு ஆண்கள் அதைத் தம் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். துணைக்குத் தெரிந்துவிடும் என்றபோது, திரும்பப் பிடுங்க முடியாதபடி தமக்கான செலவில் அதை முடக்கினார்கள். இருவரும் முதலில் பேசிக்கொள்ளலாம் என்றபோது, பணத்தை மனைவியின் கணக்கிலேயே போட்டார்கள். கணவரின் பிடியில் பணம் இருந்த வீட்டுப் பெண்களும் இதேபோல நடந்துகொண்டார்கள். இதில் ஆண் பெண் என்ற பேதம் இல்லை. கேட்டு வாங்கும் இடத்தில் யாரை உட்காரவைத்தாலும் அவர் மறைக்கக் கற்றுக்கொள்கிறார். ஊதாரித்தனம் என்று நாம் பெயரிடும் செலவில் ஒரு பகுதியும் இப்படி, நாளைக்குத் தன் கையில் இருக்காது என்று தெரிந்த பணத்தை இன்றே தீர்த்துவிடும் அவசரம்தான்.

கை மாறினால் செலவும் மாறும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அங்கே பிள்ளைகளுக்கான சலுகையின் பெரும்பகுதி வரிக் கழிவாகத் தந்தையின் சம்பளத்தில் சேர்ந்து வந்தது. 1977 தொடங்கி அதைப் படிப்படியாக நிறுத்தி, தாயிடம் நேரடியாகக் கொடுக்கும் உதவித்தொகையாக மாற்றினார்கள். லண்ட்பர்க், போலக், வேல்ஸ் ஆகிய மூவர் இந்த மாற்றத்தை ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள்: ஆண்களின் துணிச் செலவோடு ஒப்பிட, பெண்கள், பிள்ளைகளின் துணிச் செலவு கூடியிருந்தது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்பும்போதும் இந்த வேறுபாட்டை நம்பித்தான் அனுப்புகிறது. ஆனால் கணக்கு அவள் பெயரில் இருந்து ஏடிஎம் கார்டு அவன் சட்டைப் பையில் இருந்தால் எதுவும் மாறப்போவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகியோர் அடங்கிய குழு நடத்திய ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. சில பெண்களுக்கு வங்கிக் கணக்கு மட்டும் தொடங்கிக் கொடுத்தார்கள். வேறு சிலருக்குக் கணக்கைக் கையாளும் பயிற்சியும் கொடுத்து, நூறு நாள் வேலைக் கூலி கணவரின் கணக்குக்குப் போகாமல் நேராக அவர்கள் கணக்குக்கே வரச் செய்தார்கள். கணக்கு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் அதிகம் வேலைக்குப் போனார்கள், அரசு வேலைக்கு மட்டுமல்ல, தனியார் வேலைக்கும். மூன்று ஆண்டு கழித்தும், பெண் வேலைக்குப் போவதைப் பற்றிய அவர்களுடைய எண்ணமே மாறியிருந்தது. "அவளுக்கு வேலைக்குப் போக இஷ்டமில்லை" என்று கணவர்கள் சொல்வதை நான் இப்போது அப்படியே ஏற்பதில்லை. உழைத்த கூலி இன்னொருவர் கணக்கில் விழும் என்றால் யாருக்குத்தான் இஷ்டம் வரும்?

பணத்தை இப்படிப் பிரித்தால் உறவும் பிரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலை, அதற்குச் சான்றும் இருக்கிறது. 2023இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நிச்சயமான அல்லது புதிதாக மணமான 230 ஜோடிகளில் சிலரைக் கூட்டுக் கணக்கும் சிலரைத் தனித்தனிக் கணக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு ஆண்டு முடிவில் கூட்டுக் கணக்கு வைத்தவர்களின் உறவு இறங்காமல் இருந்தது, மற்றவர்களுடையது இறங்கியிருந்தது. இதை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் அந்தக் கூட்டுக் கணக்கில் இருவரும் பார்க்கலாம், எடுக்கலாம், கேள்வி கேட்கலாம். நம் வீடுகளில் "எல்லாம் ஒண்ணுதானே" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அதுவல்ல. சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, தம்பிக்குக் கொடுத்தது எவ்வளவு என்று ஒருவருக்கு மட்டுமே தெரிந்த ஒற்றைக் கணக்கு அது. மனைவியும் சம்பாதிக்கும் வீடுகளில்கூட அவள் சம்பளம் வீட்டுக் கடனின் இஎம்ஐக்குப் போய்விட, பத்திரம் அவன் பெயரில் இருப்பதைப் பார்க்கிறோம்.

எல்லாவற்றையும் விட வலுவான மறுப்பு, "சம்பாதிப்பவன் நான்" என்பது. உடம்பு நோக உழைத்தவருக்கு அந்தக் காசின் மேல் ஒரு உரிமையுணர்ச்சி இருக்கத்தான் செய்யும். அதை இழிவாகப் பேசக் கூடாது. ஆனால் அந்த உழைப்பு எதன் மேல் நிற்கிறது? 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டார்கள், ஆண்கள் 97. சமைத்துக் கட்டிக் கொடுத்த சாப்பாடு இந்த 299க்குள் இருக்கிறது. பள்ளிக்கு அனுப்பிய பிள்ளையையும் படுத்த மாமியாரையும் பார்த்துக்கொண்ட நேரம் இதில் சேராதது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் அளித்த தீர்ப்பு இந்த இடத்தைத்தான் தொட்டது. கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை செய்து அனுப்பிய பணத்தில் ஊரில் மனைவி சொத்து வாங்கினார். திரும்பி வந்த கணவர், எல்லாம் தன்னுடையது என்று வழக்குப் போட்டார். மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. வீட்டு உழைப்பின் பங்களிப்பை அங்கீகரிக்கச் சட்டம் இல்லை, அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்று அதில் சொல்லப்பட்டது. அந்தத் தீர்ப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2007இல், கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார்கள். வீட்டுக்குள் ஒரு மாலையில் பேசி முடித்திருக்க வேண்டியதைத் தீர்க்க நீதிமன்றத்துக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆயிற்று.

ஊதாரியையும் கஞ்சனையும் திருத்தும் வேலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் வரவு, கடன், நகைச் சீட்டு, அடகு ரசீது எல்லாம் இருவர் கண்ணிலும் பட வேண்டும். வீட்டுச் செலவுக்கும் சேமிப்புக்கும் எடுத்துவைத்த பிறகு, இருவருக்கும் ஒரே அளவு கைச்செலவுப் பணம் வேண்டும். அதற்கு யாரும் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளத்துக்கு ஏற்ற விகிதத்தில் பிரித்தால், சம்பளமே இல்லாதவர் மறுபடியும் கேட்டு வாங்கும் இடத்துக்குப் போய்விடுவார். வரவு குறைந்த வீட்டில் அந்தத் தொகை மாதம் இருநூறு ரூபாயாக இருக்கலாம். கணவருக்கு டீயும் பீடியும் இருநூறைத் தாண்டிவிடும் என்றால் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.

(தொடரும்)