வேலையை விடாம கிரிமினாலஜி டிகிரி: ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடிச்சு, மேனாம்பேட்டில் தங்கி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவங்க நிறைய பேர். "டிகிரி இல்லாததால புரமோஷன் நிக்குது, எஸ்.ஐ. எக்ஸாமும் எழுத முடியல. ஆன்லைன்ல கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கலாமா?" இதுதான் கேள்வி. படிக்கலாம். ஆனா இந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும், எதைத் திறக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு பணத்தைக் கட்டுங்க.

திறக்கிற கதவு, திறக்காத கதவு

எஸ்.ஐ. தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சி குரூப் 2-வில் பெரும்பாலான பதவிகளுக்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும். கிரிமினாலஜிதான் வேணும்னு இல்லை. அதனால பாடம் பிடிச்சிருந்தா மட்டும் இதை எடுங்க.

வயசையும் பாருங்க. 2023 எஸ்.ஐ. அறிவிப்பில் பொதுப்பிரிவுக்கு உச்ச வயது 30. இன்னைக்கு 28 வயசுல சேர்ந்தா, பட்டம் கையில வரும்போது 31. மற்ற பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. உங்க பிரிவுக்கு எவ்வளவுன்னு முதல்ல பாருங்க.

"இதை முடிச்சு அப்படியே ஆன்லைன்ல எல்எல்பி" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. சட்டப் படிப்பை தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்த அனுமதி கிடையாது. மூணு வருஷ எல்எல்பி-க்கு நேரில் கல்லூரி போகணும். அந்த மூணு வருஷ சம்பளத்தையும் கணக்கில் சேர்க்கணும்.

எங்கே படிக்கிறது?

சைதாப்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கின அரசுப் பல்கலைக்கழகம். கிரிமினாலஜிக்கு அங்கே தனித் துறையே இருக்கு. அம்பத்தூர்ல மின்சார ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து பார்க் ஸ்டேஷன்ல மாறினா சைதாப்பேட்டை.

பெயர் பெரிசுங்கிறதுக்காக சேராதீங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்ததுன்னு யுஜிசி 2022-ல் பொது அறிவிப்பே விட்டது. அதனால சேரும் முன்னாடி மூணு விஷயம்:

1. யுஜிசி-யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகம், படிப்பு, நீங்க சேர்ற கல்வியாண்டு மூணும் பட்டியலில் இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்தப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம்.
2. டெப் ஐடி நீங்களே உருவாக்குங்க. 2024-லிருந்து இது கட்டாயம். "அதெல்லாம் வேண்டாம், நாங்க பார்த்துக்கறோம்" என்கிற ஏஜென்ட்கிட்ட இருந்து விலகிடுங்க. யுஜிசி விதிப்படி ஃபிரான்சைஸ் முறைக்கே அனுமதி இல்லை. "மூணு வருஷ டிகிரி ஒரே வருஷத்தில்" என்பதும் மோசடி.
3. பாடப் புத்தகம் புதுசான்னு கேளுங்க. 2024 ஜூலை 1 முதல் ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு. 511 பிரிவு இருந்த இடத்தில் இப்போ 358.

பெரிய செலவு ஃபீஸ் இல்லை, நேரம்

மூணு வருஷப் பட்டத்துக்குப் பொதுவா 120 கிரெடிட். தொலைதூர முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. மொத்தம் 3,600 மணி. மூணு வருஷத்துக்குப் பிரிச்சா வாரம் சுமார் 23 மணி. நடைமுறையில் பலர் இவ்வளவு படிக்கிறதில்லை. அரியர் விழுறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஓவர்டைம் எவ்வளவு விட வேண்டி வரும்னு சேருறதுக்கு முன்னாடியே எழுதிப் பாருங்க.

ஒரு உதாரணக் கணக்கு: ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ், பயணம் எல்லாம் சேர்த்து ரூ.40,000. இழந்த ஓவர்டைம் மாசம் ரூ.1,500 வீதம் 36 மாசத்துக்கு ரூ.54,000. ஆக ரூ.94,000. பட்டம் வந்ததும் சம்பளம் மாசம் ரூ.3,000 கூடினா, போட்ட பணம் திரும்ப 32 மாசம் ஆகும். ஃபீஸை மட்டும் பார்த்திருந்தா 14 மாசம்னு நினைச்சிருப்பீங்க. அதனால ஹெச்ஆர்-கிட்ட இப்பவே கேளுங்க: "டிகிரி முடிச்சா கிரேடு மாறுமா? தொலைதூரப் பட்டம் ஏத்துக்குவீங்களா?" பதிலை மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க.

ஈஎம்ஐ, வரி

உங்க சொந்தப் படிப்பு ஃபீஸுக்கு 80சி சலுகை கிடையாது. அது பிள்ளைகளோட முழுநேரப் படிப்புக்கு மட்டும். கல்விக் கடன் வாங்கினா வட்டிக்கு 80இ சலுகை உண்டு, ஆனா பழைய வரி முறையில் இருந்தா மட்டும்தான். அந்தச் சலுகைக்காக கடன் வாங்காதீங்க. வருஷா வருஷம் கட்டுற ஃபீஸுக்கு மாசம் ரூ.1,000 ஆர்.டி. போட்டாலே பெரும்பகுதி சேர்ந்துடும். மூணு வருஷ ஃபீஸையும் "நோ காஸ்ட் ஈஎம்ஐ"-யில மொத்தமா கட்டினா, நடுவில் படிப்பை விட்டாலும் தவணை நிக்காது.

வயசு, அங்கீகாரம், ஹெச்ஆர் பதில். இந்த மூணும் சரியா இருந்தா தைரியமா சேருங்க. ஒண்ணு இடிச்சாலும் இந்த சீசனை விட்டுட்டு அடுத்ததுல பாருங்க. அட்மிஷன் வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். உங்க கணக்குல எத்தனை மாசம் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.