கருவிலிருந்த குழந்தைக்கு ரேஷன் இல்லை

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் பாலத்தை நோக்கி முன்னேறின. அவர்களுக்குத் துணையாக, லண்டனில் தங்கியிருந்த நெதர்லாந்து அரசு தன் நாட்டு ரயில்வே ஊழியர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னது. பழிவாங்க, நெதர்லாந்தை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகும் வழிகளை அடைத்தார்கள். நவம்பரில் படகுகளுக்கு மட்டும் தடை தளர்ந்தது. ஆனால் அந்தக் குளிரில் கால்வாய்களே உறைந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்கான ஒரு நாள் ரேஷன் 400 முதல் 800 கலோரி வரைதான். சனங்கள் துலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். 1945 மே மாதம் விடுதலை வருவதற்குள் 20,000 பேராவது இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு.

அந்த நெருக்கடியிலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரேஷன் 1,000 கலோரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் கூடுதல் உணவு உண்டு என்று விதி இருந்தது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது அதைக் கொடுக்க முடியவில்லை.

பஞ்சம் பெரும்பாலும் மெல்ல வந்து மெல்லப் போகும். இந்தப் பஞ்சத்துக்கோ தொடக்கமும் முடிவும் தெளிவாக இருந்தன. பிறப்புப் பதிவேடுகளும் ரேஷன் கணக்கும் அழியாமல் கிடைத்தன. அதனால் ஒருவர் பிறந்த தேதியைக் கொண்டே, அவர் எத்தனை மாதக் கருவாக இருந்தபோது தாய் பட்டினி கிடந்தாள் என்று கணக்கிட முடிந்தது.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் பட்டினி கிடந்திருந்தால் குழந்தை எடை குறைந்து பிறந்தது. இது எதிர்பார்த்ததுதான். முதல் மாதங்களில் மட்டும் பட்டினி, பிறகு உணவு என்றிருந்தால் குழந்தை சரியான எடையோடு பிறந்தது. பார்த்தவர்கள் பிள்ளை தப்பிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் ராணுவத்துக்காக உடல் பரிசோதனை செய்யப்பட்ட சுமார் 3,00,000 இளைஞர்களின் பதிவுகளை 1976இல் ஆராய்ந்தபோது, கர்ப்பத்தின் முதல் பாதியில் பஞ்சம் பட்டவர்களிடம் உடல்பருமன் அதிகமாக இருந்தது. கருவின் தொடக்கத்திலேயே பஞ்சம் பட்டவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. நடுவயதில் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டது.

2008இல் வெளியான ஆய்வு மரபணுவையே பார்த்தது. கரு உருவான காலத்தில் பஞ்சம் பட்டவர்களை, பஞ்சம் படாத அவர்களுடைய உடன்பிறந்தோரோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவின் மேலுள்ள மெத்தில் குறிகள், அறுபது ஆண்டுகள் கழித்தும் பஞ்சம் பட்டவர்களுக்குக் குறைவாகவே இருந்தன. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் குறி மாறியிருந்தது. இந்த ஒரு மாற்றத்தால்தான் எல்லா நோயும் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டினியின் தடம் உடலில் இருக்கிறது என்பதற்கு இது சான்று.

நெதர்லாந்தில் நடந்ததுபோல் குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டு நெறிமுறை தடுக்கிறது. ஐ.நா. பாதுகாப்பு சபையும் 2018இல் அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதன் பிறகும் 2024 ஆகஸ்டில் சூடானின் சம்சம் முகாமிலும், 2025 ஆகஸ்டில் காசா நகரிலும் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. உணவு லாரிகளைப் போர்நிறுத்தப் பேச்சில் பேரப் பொருளாக வைக்கும் எந்தத் தரப்பையும், அது யாராக இருந்தாலும், நாம் நியாயப்படுத்தக் கூடாது.