சுணைக்காரச் செடிகள்

நாம் உடுத்தும் பருத்திச் சட்டை, விதைத் தோலில் முளைத்த முடியால் நெய்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பாமல் சிரிப்பார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பிள்ளைகள். அம்மாவோடு பருத்தி எடுக்கப் போய் வளர்ந்தவர்கள். அவர்களுக்கே அது புதுச் செய்தி.

பூ மலரும் நாளில் சூலின் மேல்தோலில் சில செல்கள் மட்டும் புடைத்து எழும்பும். மூன்று வாரம்போல நீண்டுகொண்டே போகும். ஓர் இழை என்பது ஒரே ஒரு செல்தான்: அகலம் சுமார் 0.02 மி.மீ., நீளமோ 25, 30 மி.மீ.! அதன் பிறகு உட்சுவரில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படியும். காய் வெடித்ததும் செல் காய்ந்து தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கினால்தான் இழையும் இழையும் பற்றிக்கொண்டு நூலாகின்றன. போடிப் பக்கத்து இலவம்பஞ்சில் முறுக்குக் கிடையாது, வழுக்கும். அதனால் அது மெத்தைக்கும் தலையணைக்கும் போயிற்று. அது விதையில் முளைப்பதும் இல்லை. காயின் உட்சுவரில் வளர்வது.

இலையிலும் தண்டிலும் வளரும் முடியைத்தான் நம் ஊரில் சுணை என்போம். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் போதும், விதவிதமாகப் பார்க்கலாம். கத்தரி இலையில் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருக்கும். துளசியில் நுண்ணிய குமிழ்கள். வாசனை எண்ணெய் அவற்றில்தான் இருக்கிறது, கசக்கினால் உடைந்து மணக்கும். தக்காளிச் செடியைக் கிள்ளிய கையில் மஞ்சளும் பச்சையுமாகப் பிசுபிசுப்பு ஏறும். அது சுணையின் நுனிச் சுரப்பி உடைந்து கசிவது. குட்டிப் பூச்சிகளுக்கு அதில் கால் ஒட்டிப்போகும். பேய்மிரட்டி இலையின் வெண்பஞ்சு வெயிலைத் திருப்பியனுப்பி, ஈரம் பறிபோவதையும் குறைக்கும்.

செந்தட்டியை லென்ஸோடு நெருங்கும்போது கை பத்திரம். ஐரோப்பிய நெட்டில் செடியில் சிலிக்காவாலான நுனி கண்ணாடிபோல ஒடிந்து ஊசியாகும். நம் செந்தட்டியின் ஏற்பாடு வேறு: சுணைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒன்று ஈட்டிபோல இருக்கிறது, தொட்டதும் அது தோலைக் குத்தித் திறக்கும். பூனைக்காலி நெற்றின் சுணை அதைவிட மோசம். அதில் முக்குனைன் என்ற நொதி இருக்கிறது. அந்த அரிப்பு ஹிஸ்டமின் வழியாக வருவதல்ல. ஆகவே வழக்கமான அலர்ஜி மாத்திரைக்கு அவ்வளவாக அடங்காது.

இவ்வளவு ஆயுதம் இருந்தால் செடிக்குச் சுணை கூடக்கூட நல்லதுதானே என்று தோன்றும். பருத்திக்காரர்களைக் கேளுங்கள், அப்படிச் சொல்ல மாட்டார்கள். தத்துப்பூச்சி இலை நரம்பில் குத்தி முட்டை வைக்கும்; சாறு உறிஞ்சப்பட்ட இலை ஓரம் மஞ்சளாகி, சிவந்து, சுருளும். தென்னாப்பிரிக்காவின் பார்பர்டனில் 1920களில் பார்னெல் என்ற ஆராய்ச்சியாளர், இந்தப் பூச்சிக்குத் தாக்குப்பிடித்த செடிகளைப் பொறுக்கியெடுத்தார். அவை சுணை அடர்ந்த செடிகள். நீண்டு நெருங்கிய சுணை இருந்தால் பூச்சியால் நரம்பை எட்டி முட்டை வைக்க முடிவதில்லை. அப்படி உருவான ‘யு4’ ரகம் அங்கே பருத்திச் சாகுபடியைக் காப்பாற்றியது.

ஆனால் அதே சுணை இலை வெள்ளை ஈக்கு ரொம்பப் பிடிக்கும். இலைச்சுருட்டை வைரஸைச் சுமந்து வருவது அந்த ஈதான். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும் சொரசொரப்பான இலையில்தான் அதிகம் முட்டையிடும். ஒரு பூச்சிக்கு முள்வேலி, இன்னொன்றுக்குத் தொட்டில். எந்தப் பூச்சி அதிகம் வரும் ஊர் என்று பார்த்துத்தான் ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், மானாவாரிக் காட்டில் தத்துப்பூச்சிக்கு மருந்தடித்தே கைக்காசு கரைவதற்குச் சுணை இலையே மேல். ஜின்னிங் ஆலைக்காரர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். சுணை இலைச் சருகு நொறுங்கிப் பஞ்சில் சிக்கிக்கொண்டால் லேசில் பிரிக்க முடியாது; வழவழப்பான இலை கொண்ட ரகம்தான் அவர்களுக்கு வேண்டும்.