பெரிய ஐ.டி. கம்பெனி வேலை: நன்மை எது, கவனம் எது?



காரிமங்கலத்திலிருந்து படித்து முடித்த பிள்ளைகள் பலர் ஓசூர், பெங்களூரு, சென்னை என்று வேலை தேடிப் போகிறார்கள். பெரிய ஐ.டி. கம்பெனியில் இடம் கிடைத்தால் வீட்டில் மகிழ்ச்சி; சம்பந்தம் பேசும்போதும் மதிப்பு. அந்த வேலையில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதைக் குடும்பத்தாரும் தெரிந்துகொள்வது நல்லது.

நன்மைகள் பல. சம்பளம் மாதந்தோறும் வங்கிக் கணக்கில் சேரும். பி.எஃப். நிதியில் பிள்ளையின் பங்கோடு கம்பெனியும் தன் பங்கைக் கட்டும். மருத்துவக் காப்பீடு உண்டு. பெண்களுக்கு முதல் இரு பிரசவங்களுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. புதியவர்களுக்குப் பயிற்சி தருவார்கள். அந்த அனுபவம் அடுத்த வேலைக்கும் உதவும்.

குறைகளும் உண்டு. ஆண்டுச் சம்பளம் என்று சொல்லும் தொகையில் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு, ஊக்கத்தொகை எல்லாம் அடங்கியிருக்கும். கைக்கு வருவது குறைவு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இரவு வேலையும் வரலாம்.

வேலையும் நிரந்தரமல்ல. அப்போது 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றிய டி.சி.எஸ்., 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலையில் இருந்தவர்கள். அதற்கு முந்தைய மாதம்தான், திட்டப்பணி எதுவும் இல்லாமல் ஒருவர் ஆண்டுக்கு 35 வேலைநாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதி வகுத்தது. ஆகவே பல வருடம் ஆகிவிட்டது என்பது மட்டும் பாதுகாப்பாகாது; தொடர்ந்து புதிதாகக் கற்பவருக்கே அடுத்த கதவு திறக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை:

1. வேலைக்கு முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். அது மோசடி.
2. ஜும்ஆ தொழுகைக்கு நேரம் கிடைக்குமா, இரவில் பெண்பிள்ளைகளுக்கு வண்டி வசதி உண்டா என்று சேரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.
3. ஆறு மாதச் செலவுக்கான பணம் சேரும் வரை, அந்தச் சம்பளத்தை நம்பி வீடு, கார், ஆடம்பரத் திருமணம் என்று இறங்காதீர்கள்.
4. கம்பெனிக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று விசாரித்து வையுங்கள்.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். கம்பெனி ஒரு வழி மட்டுமே. வேலை போனால் அதை முதலில் வீட்டில் சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டும். அந்தத் தைரியத்தை இன்றே கொடுத்து வையுங்கள்.